தட்டு மறையும் ஆழம்

கிராண்டில் ஏரி, மேற்குக் கரை
மெய்ன் மாநிலம்
ஜூன் 24, 1996

திருமதி மேவிஸ் தீபோ அவர்களுக்கு,

கிராண்டில் ஏரிப் பாதுகாப்புச் சங்கத்தின் முப்பத்தோராவது ஆண்டுக் கூட்டம் சென்ற சனிக்கிழமை படகுத்துறைக் கொட்டகையில் கூடி, இரண்டு மணி பத்து நிமிட விவாதத்துக்குப் பிறகு, ஒன்பதுக்கு நான்கு என்ற வாக்குகளில், உங்களுக்கு ஒரு கடிதம் எழுதுவது என்று தீர்மானித்தது. இது அந்தக் கடிதம்.

கடிதத்தில் என்ன எழுதுவது என்று விவாதிக்க நேரம் போதவில்லை. அதைச் செயலாளரின் பொறுப்பில் விட்டார்கள். செயலாளர் நான்.

விஷயம் ஏரியின் தெளிவு. இருபத்தைந்து ஆண்டுகளாக, ஒரு ஞாயிறு விட்டு ஒரு ஞாயிறு, காலை பதினோரு மணிக்கு, ஏரியின் மிக ஆழமான இடத்துக்குப் படகில் போய், நிழல் விழும் பக்கமாகக் கறுப்பு வெள்ளைத் தட்டைக் கயிற்றில் இறக்கி, அது கண்ணிலிருந்து மறையும் ஆழத்தை எழுதிவருகிறேன். 1986-இல் அது 7.2 மீட்டர். அதன்பின் ஆண்டுக்கு ஆண்டு குறைந்து, சென்ற வாரம் 4.9. இந்தப் பத்தாண்டுகளில் கரையோரத்தார் எல்லோரும் தங்கள் பங்கைச் செய்துவிட்டார்கள். தலைவர் டுவைட் கோல்கார்ட் தன் செப்டிக் டேங்கைத் தோண்டியெடுத்துப் புதிது வைத்தார். சிறுமியர் முகாம் தன் ஆறு குதிரைகளைக் குன்றுக்கு அந்தப் பக்கம் கொண்டுபோனது. துறைச் சரிவில் மண் கரையாமல் இருக்கச் சரளை கொட்டியாயிற்று. அப்படியும் தட்டு சீக்கிரமே மறைகிறது. மிச்சம் இருப்பது உங்கள் வீட்டுப் புல்தரை ஒன்றுதான். அது 1986 வசந்தத்தில் போடப்பட்டது. ஒரு பொருள் எவ்வளவு பச்சையாக இருப்பது அவசியமோ அதைவிடப் பச்சையாக இருக்கிறது. அந்தப் பச்சை உரத்திலிருந்து வருகிறது. மழை உரத்தை ஏரிக்குக் கொண்டுவருகிறது. மற்றதைப் பாசி பார்த்துக்கொள்கிறது.

மாநில அலுவலகம் ஒவ்வொரு ஆகஸ்டிலும் புட்டியில் தண்ணீர் பிடித்துப்போய்ச் சோதித்து, குறை ஒன்றுமில்லை என்று எழுதுகிறது. புட்டிக்குக் கண் கிடையாது என்று நான் குறிப்பேட்டில் பதிவு செய்திருக்கிறேன்.

புல்தரையை உழுதுவிட்டு இந்த மண்ணின் புதர்களை நடுமாறு சங்கம் கேட்டுக்கொள்கிறது. "எதிர்க்கரையிலதானே இருக்கா, படகுல போய் வாயால சொல்லிட்டு வாயேன்யா" என்றார் கோல்கார்ட். வாயால் சொல்வது குறிப்பேட்டில் ஏறாது என்று விளக்கினேன்.

கடைசியாக ஒன்று. 16-ஆம் தேதி நான் அளந்துகொண்டிருந்த நாற்பது நிமிடமும், நல்ல வெயிலில், நீங்கள் மஞ்சள் மழைக்கோட்டு போட்டு உங்கள் துறையில் நின்றிருந்தீர்கள். மூன்று முறை கையசைத்தேன். பதில் இல்லை. அதுவும் பதிவாகியிருக்கிறது.

இப்படிக்கு,
எல்வுட் பிங்க்ரீ
செயலாளர், நீர் அளவையாளர்


கிழக்குக் கரை
ஜூன் 29, 1996

எல்வுட்,

உன் கடிதம் உன் வீட்டுத் தபால் பெட்டியிலிருந்து போர்ட்லண்ட் போய், முத்திரை வாங்கி, நூற்றெண்பது மைல் சுற்றி, அறுநூறு மீட்டர் தள்ளியிருக்கும் எனக்கு ஐந்து நாளில் வந்து சேர்ந்தது. இதை எழுதும்போது உன் புகைபோக்கி எனக்குத் தெரிகிறது.

முப்பது வருடமாக வியாழக்கிழமை தோறும் என் மேசையில் சீட்டு ஆடியவன், எனக்கு 'அவர்களுக்கு' போடுகிறாய். நான் உன்னை நீ என்றுதான் எழுதுவேன். ஆட்சேபணை இருந்தால் வாக்கெடுப்புக்கு விடு.

அந்த மஞ்சள் மழைக்கோட்டு என் படகு. கவிழ்த்துப்போட்டு மஞ்சள் தார்ப்பாய் சுற்றி ஏப்ரலிலிருந்து அங்கே இருக்கிறது. யாருக்கும் கையசைக்கும் பழக்கம் அதற்கு இல்லை. இந்த மாதிரி நக்கலை நேரில் செய்திருந்தால் சிரித்திருப்பேன்.

புல்தரை விஷயம். அது எதற்குப் போட்டது என்று உனக்குத் தெரியும். ஆர்மண்டின் முழங்கால் போனபிறகு, வேரும் கல்லுமான அந்தச் சரிவில் அவரால் தண்ணீர்வரை நடக்க முடியவில்லை. புல் போட்டபிறகு தடி ஊன்றிக்கொண்டு தினமும் போனார். ஆறு கோடை. அவர் போய் நான்கு வருடமாகிறது. நான் வெட்டுகிறேன், நீர் விடுகிறேன், ஆமாம், உரமும் போடுகிறேன். எனக்கு எதிராக வாக்களித்த ஒன்பது பேரும் ஒவ்வொரு ஆகஸ்டிலும் சங்கத்து விருந்தில் அந்தப் புல்லின் மேல் உட்கார்ந்து என் சோளத்தைத் தின்றவர்கள்.

உழப்போவதில்லை. மற்ற நான்கு பேர் யாரென்று எழுது, ஸ்ட்ராபெர்ரி ஜாம் அனுப்ப வேண்டும்.

வியாழக்கிழமை வராதே.

மேவிஸ்


மேற்குக் கரை
ஜூலை 15, 1996

திருமதி தீபோ அவர்களுக்கு,

வாக்கெடுப்பு ரகசியமானது, பெயர்களைத் தர இயலாது. ஆயினும் நீங்கள் ஜாம் அனுப்பிய நால்வரும் சரியான நால்வரே. எப்படிக் கண்டுபிடித்தீர்கள் என்று சங்கம் அறிய விரும்புகிறது.

நேற்றைய அளவு 4.6.

வியாழக்கிழமைகளில் தனியாக ஆடும் ஆட்டம் பழகிவருகிறேன். சீட்டு அச்சிடுகிறவர்கள் இப்போதெல்லாம் இஸ்பேடையும் கிளாவரையும் ஒரே மாதிரி அச்சிடுகிறார்கள். கம்பெனிக்கு ஒரு கடிதம் எழுதியிருக்கிறேன்.

ஆர்மண்டைப் பற்றி நீங்கள் எழுதியதற்குச் செயலாளராகப் பதில் சொல்ல எனக்கு அதிகாரம் இல்லை. ஆனால் புல் சுருள்களை லாரியிலிருந்து இறக்கிச் சுமந்தவர்களில் நானும் ஒருவன். இரண்டு நாள் முதுகு பிடித்துக்கொண்டது. ஏரிக்குக் கெடுதல் என்றால் அதில் என் தோளும் உண்டு என்று குறிப்பேட்டில் எழுதிவிட்டேன்.

தொடர்ந்து மூன்று முறை அளவு நான்குக்குக் கீழே போனால் மாநிலம் நம் ஏரியை நோயுற்ற ஏரிகளின் பட்டியலில் சேர்க்கும். நான் நீந்தக் கற்றது இந்தத் தண்ணீரில். அந்த எண்ணை என் கையால் எழுத நேர்ந்துவிடக் கூடாது என்பதைத் தவிர எனக்கு வேறு நோக்கம் இல்லை.

எல்வுட் பிங்க்ரீ


கிழக்குக் கரை
ஜூலை 27, 1996

எல்வுட்,

புல் போய்விட்டது.

செவ்வாய்க்கிழமை மண் தோண்டுகிற ராய் பெல்கி தன் இயந்திரத்தோடு வந்தான். முதலில் அதை ஓட்டவே மாட்டேன் என்றான்.

"நிஜமாத்தான் சொல்றீங்களாம்மா? இந்த ஏரியிலேயே நல்ல புல்லு இதுதான்."

"நல்லா இருக்கறதுதான் குத்தமாம். ஓட்டு."

"யாரு சொன்னது?"

"எல்வுட்."

"அவருக்கு வேற வேலை இல்லையா?"

"இல்ல. ஓட்டு ராய்."

அரை நாள் வேலை. நான் உள்ளே போய்ப் பின்பக்க அறையில் உட்கார்ந்து, அவசியமே இல்லாத துணிகளை இஸ்திரி போட்டேன்.

உனக்குப் பயந்து செய்யவில்லை. சங்கத்துக்காகவும் இல்லை. நீ சீட்டில் தப்பாக எண்ணினால் நீயே சொல்லி, புள்ளியைத் திருப்பிக் கொடுக்கிறவன். 4.6 என்று நீ எழுதினால் அது 4.6-தான். ஆர்மண்ட் நடந்து போனதே அந்தத் தண்ணீருக்குத்தான். தண்ணீர் கெட்டபிறகு புல் எதற்கு?

இருபத்திரண்டு புளூபெர்ரிச் செடி நட்டிருக்கிறேன். நடுவில் வைக்கோல் பரப்பியிருக்கிறது. விருந்துக்கு வருகிறவர்கள் நாற்காலியை அவரவர் கொண்டுவர வேண்டும்.

மேவிஸ்


மேற்குக் கரை
ஆகஸ்ட் 12, 1996

திருமதி தீபோ அவர்களுக்கு,

உங்கள் செயலைச் சங்கம் எழுந்து நின்று பாராட்டியது. (உட்கார்ந்தே இருந்த இருவருக்கு முழங்கால் வலி.) என் தனிப்பட்ட நன்றியைக் கடிதத்தில் எழுத முயன்று மூன்று தாள் வீணாகிவிட்டது.

நேற்றைய அளவு 4.3. ஏரி என்பது மெதுவான பிராணி. அதற்கு அவகாசம் தரவேண்டும்.

திரும்பும் வழியில் மரியாதைக்காக உங்கள் கரையை ஒட்டித் துடுப்புப் போட்டேன். தரை முழுக்க ஒரே சீராக, வழவழப்பாக, நறுக்கி விட்ட புல் மாதிரியே தெரிகிறது. ஓரத்தில் கொஞ்சம் புல்லை விட்டுவைத்தீர்களா என்று விசாரிக்க வேண்டியது செயலாளரின் கடமை. மனவருத்தத்தில் ஒரு சிறு துண்டை விட்டிருந்தால் அதைப் புரிந்துகொள்ளச் சங்கம் தயாராக இருக்கிறது.

எல்வுட் பிங்க்ரீ


கிழக்குக் கரை
ஆகஸ்ட் 19, 1996

எல்வுட்,

என் வாசலில் இருபத்திரண்டு செடி முட்டி உயரத்துக்கு நிற்கிறது. நடுநடுவே ராய் புரட்டிப்போட்ட பாறைகள், கன்றுக்குட்டி அளவு. உனக்கு வழவழப்பாக இருக்கிறது.

உன் கடிதத்தை இரண்டு தடவை படித்தேன். முதல் தடவை கோபத்தோடு. இரண்டாம் தடவை படிக்கும்போது அந்த மஞ்சள் மழைக்கோட்டு ஞாபகம் வந்தது. பிறகு உன் சீட்டுக் கம்பெனி.

லாப்ஸ்டர் வேகவைக்கும் பானையின் மூடியை எடுத்தேன். சங்கத்துப் பிரசுரத்தில் இருக்கிற படத்தைப் பார்த்து, நாலு கால்பகுதியாகக் கறுப்பும் வெள்ளையும் அடித்தேன். அடியில் ஒரு கல்லைக் கட்டி, துணி காயப்போடும் கயிற்றில் மீட்டருக்கு ஒரு முடிச்சுப் போட்டேன். நேற்றுப் பதினோரு மணிக்கு நீ அளக்கும் இடத்தில் உன் மிதவை இருக்கிறதே, அங்கேயே போனேன், நிழல் பக்கமாகத்தான். ராய் துடுப்புப் போட்டான்.

"தெரியுதா ராய்?"

"தெரியுதும்மா."

"இப்ப?"

"தெரியுது. மேல ஒரு மீன் போவுது பாருங்க."

"ஏழாவது முடிச்சு போயாச்சு."

"மீனுக்குக் கோடு இருக்கு. பெர்ச் மீனு."

7.4-இல் மறைந்தது. மூன்று முறை செய்தேன்.

மூடியை நம்ப மாட்டாய், முடிச்சையும் நம்ப மாட்டாய். வருகிற ஞாயிறு உன் முறை. உன் தட்டு, உன் கயிறு, உன் படகு. கூட நானும் ராயும்.

மேவிஸ்


மேற்குக் கரை
ஆகஸ்ட் 26, 1996

மேவிஸ்,

நேற்று நடந்தது பற்றிக் குறிப்பேட்டில் இன்னும் எதுவும் எழுதவில்லை. இருபத்தைந்து ஆண்டுகளில் இதுவே முதல் தடவை.

4.2-இல் நான் 'போயிற்று' என்றேன். நீங்கள் 'இருக்கிறது' என்றீர்கள். ராயும் 'இருக்கு' என்றான். அதன்பின் நான் படகில் சொன்ன இரண்டு வார்த்தைகளுக்கும் மன்னிப்புக் கேட்கிறேன். இரண்டாவது வார்த்தைக்கு ராயிடமும் கேட்டதாகச் சொல்லவும். கயிறு 7.5 வரைக்கும் போய்க்கொண்டே இருந்தது.

வீட்டுக்கு வந்ததும் கயிற்றைச் சமையலறைத் தரையில் நீட்டி நாடாவால் அளந்தேன். சரியாக இருக்கிறது. தட்டின் வண்ணம் சென்ற மாதம் புதிதாக அடித்தது. அதுவும் சரி. உபகரணங்களில் மிச்சம் இன்னொன்று இருக்கிறது. அதை நான் 1979-க்குப் பிறகு சோதிக்கவில்லை.

வாட்டர்வில்லில் கண் மருத்துவரிடம் செப்டம்பர் 10-ஆம் தேதி நேரம் வாங்கியிருக்கிறேன்.

உங்கள் புல்லைப் பற்றி என்ன எழுதுவது என்று தெரியவில்லை.

எல்வுட்


கிழக்குக் கரை
ஆகஸ்ட் 30, 1996

எல்வுட்,

கண்ணில் மருந்து விட்டபிறகு வண்டி ஓட்ட விடமாட்டார்கள். மருந்து விடாமலேயே நீ ஓட்டக்கூடாது என்று இப்போது எனக்குத் தெரியும். பத்தாம் தேதி காலை எட்டு மணிக்கு வந்து நிற்பேன். இது யோசனை இல்லை, தகவல்.

புல்லைப் பற்றி இப்போது எதுவும் எழுதாதே.

மேவிஸ்


மேற்குக் கரை
ஜனவரி 20, 1997

அன்புள்ள மேவிஸ்,

லூயிஸ்டனில் உன் மகள் வீட்டில் குளிர் எப்படி? இங்கே பனிக்கட்டி பதினெட்டு அங்குலம்.

இரண்டாவது கண்ணின் கட்டையும் பிரித்துவிட்டார்கள். இரண்டிலும் புரை, பத்து வருடப் புரை என்றார் மருத்துவர். "இத்தனை நாள் எப்படிச் சமாளிச்சீங்க?" என்று கேட்டார். ஏரிதான் கலங்கியிருக்கிறது என்று நினைத்திருந்ததைச் சொன்னேன். சிரிக்காமல் இருப்பதற்கு அவர் பட்ட பாடும் எனக்குத் தெளிவாகத் தெரிந்தது.

உன் மஞ்சள் படகைப் பார்த்தேன். மேலே பனி. அதனிடமும் ஒரு மன்னிப்பு பாக்கி.

டிசம்பரில் சிறப்புக் கூட்டம் கூட்டி எல்லாவற்றையும் சொல்லிவிட்டேன். குறைந்தது ஏரி அல்ல, செயலாளர் என்று. பிறகு கோல்கார்ட் எழுந்தார்.

"அப்போ என் டேங்க்?"

"உன் டேங்க்ல ஒண்ணும் இல்ல டுவைட்."

"எட்டு வருஷமா என் டேங்கு நாறுதுன்னு ஊர் பூரா சொன்னியே. உன் கண்ணுலதான்யா அழுக்கு."

"ஆமா."

"ஆமாங்கறான் பாருங்க. சண்டை போடக்கூட விடமாட்டேங்கறான்."

பதவி விலகுவதாகச் சொன்னேன். வேறு யாருக்கும் குறிப்பேடு எழுத இஷ்டமில்லாததால் ஏற்கவில்லை. பத்தாண்டு அளவுகளையும் நீக்கச் சொல்லி மாநில அலுவலகத்துக்கு எழுதினேன். நீக்குவதில்லையாம். பக்கத்தில் நட்சத்திரக் குறி போட்டு, கீழே ஒரு வரி சேர்ப்பார்களாம். அங்கிருந்து பதில் எழுதிய அம்மாள் புட்டிச் சோதனை முடிவுகளையும் வரிசையாக எடுத்து அனுப்பியிருக்கிறார். பத்து வருடமாக வருடத்துக்கு வருடம் பாஸ்பரஸ் குறைந்துகொண்டே வந்திருக்கிறது. டேங்க் மாறியபோது கொஞ்சம், குதிரைகள் போனபோது கொஞ்சம். உன் புல்லால் ஏறியதாக ஒரு வருடமும் இல்லை. புட்டியைப் பற்றி நான் எழுதிய குறிப்பை அடித்துவிட்டேன்.

மே மாதம் புல் சுருள்கள் வருகின்றன. அதே ரகம், அதே அளவு. இந்தத் தடவை எல்லாவற்றையும் நானே சுமப்பேன். மருத்துவர் வேண்டாம் என்கிறார், அவர் கண்ணுக்குத்தான் மருத்துவர்.

எல்வுட்


லூயிஸ்டன்
பிப்ரவரி 3, 1997

எல்வுட்,

சுருள்களை வேண்டாமென்று சொல்லிவிடு.

நீ வருத்தப்படவேண்டும் என்பதற்காகச் சொல்லவில்லை. அந்தப் புல்லை ஆர்மண்டுக்காகப் போட்டோம். அவர் போனபிறகு நான் வெட்டியது அவருக்காக இல்லை, அது அங்கே இருந்ததற்காக. புதுப் புல் போட்டால் அது வேறு புல். புல் போனதில் எனக்கு இன்றைக்கும் வருத்தம்தான். அதை நீ கயிறு விட்டு அளக்க வேண்டாம், எனக்கே ஆழம் தெரியவில்லை.

ஆனால் ஒன்று. உன் புரையால் பயந்துபோய் இந்தப் பத்து வருடத்தில் எல்லோரும் ஏரியைச் சுத்தம் செய்திருக்கிறார்கள். உனக்கு நல்ல கண் இருந்திருந்தால் கோல்கார்ட் சாகும்வரைக்கும் அந்தப் பழைய டேங்கை மாற்றியிருக்க மாட்டான். இதை அவனிடம் சொல்லாதே. நீயும் ரொம்ப நேரம் யோசிக்காதே.

தண்ணீருக்குப் போக இப்போது வழி இல்லை. செடிகளை மிதிக்காமல் போகவேண்டும். எனக்கு எதிராக வாக்களித்த ஒன்பது பேரும் ஆளுக்கு ஒரு தட்டைக் கல் கொண்டுவந்து பதிக்கட்டும். யார் யாரென்று எனக்குத் தெரியும், ஜாம் போகாத வீடுகள். ஆர்மண்ட் அடி எடுத்து வைக்கும் தூரம் உனக்கு ஞாபகம் இருக்கும். அந்த இடைவெளியில் போடு.

ஏப்ரலில் வருகிறேன். வியாழக்கிழமை சீட்டு உண்டு. கிளாவர் எது என்று தெரிகிறதா?

மேவிஸ்


மேற்குக் கரை
ஜூன் 23, 1997

அன்புள்ள மேவிஸ்,

சங்கத்தின் முப்பத்திரண்டாவது ஆண்டுக் கூட்டம் சனிக்கிழமை கூடி, ஒன்றே முக்கால் மணி நேர விவாதத்துக்குப் பிறகு, ஏகமனதாக, உனக்குக் கடிதம் எழுதுவதில்லை என்று தீர்மானித்தது. பதின்மூன்று பேரும் படகில் வந்து வாயால் சொல்வதாக முடிவு. வாயால் சொல்வது குறிப்பேட்டில் ஏறாது என்று எடுத்துச் சொன்னேன். அதற்காகத்தான் என்றார்கள். வியாழக்கிழமை மாலை நான்கு மணிக்கு எதிர்பார். கோல்கார்ட் இரண்டு கல் கொண்டுவருகிறார். ஒன்று வாக்குக்காம், ஒன்று டேங்குக்காம். அதனால் பத்துக் கல். கடைசிக் கல் தண்ணீருக்குள் போகும். அளந்து பார்த்துவிட்டேன்.

என் கல் கொஞ்சம் பெரியது. ராய் இயந்திரத்தில் எடுத்து வருவான். படகில் நான் சொன்ன அந்த இரண்டாவது வார்த்தையை அவன் இன்னும் மறக்கவில்லை, என்னை அதைச் சொல்லித்தான் கூப்பிடுகிறான்.

கிளாவர் எது என்று தெரிகிறது. சென்ற வியாழன் நீ மறைத்து வைத்ததும் தெரிந்தது.

நீர் அளவையாளர்களுக்கு மாநிலம் மே மாதம் வைத்த தேர்வில் நாம் இருவரும் தேறியதாகச் சான்றிதழ் வந்துவிட்டது. நேற்று நிரப்பிய படிவத்தின் நகலை, தட்டைப் பார்த்தவருக்கு அனுப்பவேண்டும் என்பது விதி. கீழே:

கிராண்டில் ஏரி. ஜூன் 22, 1997. காலை மணி 11. வானம் தெளிவு, காற்று லேசாக.
தட்டு மறைந்த ஆழம்: 8.1 மீட்டர்.
பார்த்தவர்: மே. தீபோ.
கயிறு பிடித்தவர்: எ. பிங்க்ரீ.